பாரதம் எழுதிய உருதுக் கவிஞர்

பழவேற்காட்டு ஏரியின் தென்கரையிலே, முகத்துவாரத்திற்கு அணித்தாக உள்ள மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் ஊருக்கு ஒருபுறம் வங்கக் கடல்; மறுபுறம் உப்புநீரும் ஆற்றுநீரும் கலந்து பரந்து கிடக்கும் ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசா மாநிலத்துச் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்குரியது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் இங்கே கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர். அக்கோட்டை அழிந்துவிட்டது, அவர்களுடைய கல்லறைகள் மட்டும் இன்றும் நிற்கின்றன. மீன்பிடிக்கும் குடிகளும், பனையோலைப் பெட்டி முடையும் இசுலாமிய மகளிரும் இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

இத்தகைய ஊரிலே பிறந்தவன், கங்கைக் கரையிலே பிறந்த ஓர் உருதுக் கவிஞரைப் பற்றிப் பேசப் புகுவது ஏன் என்று மாணவர்கள் வினவலாம். அக்கவிஞரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் குப்பத்திலேதான். கேட்ட அன்றே அவர் பொருட்டு ஒரு பிழையும் செய்தேன். அப்பிழையைச் சொல்லாமல் அவர் வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1988ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் தூர்தர்ஷன் தொலைக்காட்சியில் மகாபாரதம் தொடங்கிற்று. அப்போது நான் பள்ளி மாணவன். குப்பத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஞாயிறு காலையில் அவ்வீட்டுத் திண்ணையும் முற்றமும் நிரம்பிவிடும். படகுகள் முந்தியே கரை சேரும். வலை பிரிக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெண்களும் வந்து அமர்வர். கதை இந்தி மொழியில் நடக்கும். எங்களுள் எவருக்கும் இந்தி தெரியாது. எனினும் ஒருவரும் எழுந்து சென்றதில்லை. வடதமிழகத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களிலே விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் துரியோதனன் யார், துகில் உரிவது யார் என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை அன்றோ?

இந்தி கற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களுக்குப் பொருள் கூறுவார். ஒரு நாள் திரையில் ஓடிய எழுத்துகளைப் படித்துக் காட்டி, “இதற்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா, அவர் ஓர் உருதுக் கவிஞர்” என்றார். உடனே நான், “நம்முடைய பாரதத்தை ஒரு சாயபு எழுதலாமா, சார்?” என்று உரக்கக் கேட்டுவிட்டேன். என் அருகில் அமர்ந்திருந்தவன் என் வகுப்புத் தோழன். இசுலாமியர் தெருவைச் சேர்ந்தவன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கதை முடியும் முன்னரே எழுந்து போனான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

என் பாட்டனார் இதனைக் கவனித்திருந்தார். அவர் எழுத்தறியாதவர்; ஆனால் கூத்தில் பாடப்படும் பாரதம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். “அந்தப் பையன் ஏன் வரலை?” என்று கேட்டார். நான் விழித்தேன். அப்போது அவர் கூறிய சொல் ஒன்றே இன்று இவ்வுரைக்குக் காரணம். அதனை விளங்கிக்கொள்ள எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிதல் வேண்டும்.

ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவ்விடங்களில் எவர் எந்நாள் வலையிடுவது என்பதை முன்னோர் வரிசை வகுத்து வைத்துள்ளனர். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இம்முறை நெடுங்காலமாக உண்டு. பாடு உடையவர் தம் முறை வந்தால் வலையிடுவர். பாடு இல்லாதவர் அங்கே வலையிடலாகாது. ஒருவரே எல்லா நாளும் அள்ளிக்கொண்டு போகாதபடி காப்பது அதன் நன்மை. பாடு பெறாத குடிகளுக்கு அதனால் மனக்குறை உண்டு என்பதும், பூசல்கள் நேர்ந்துள்ளன என்பதும் மறைக்கத்தக்கன அல்ல.

என் பாட்டனார் கூறினார்: “ஏரிக்குப் பாடு உண்டு, கதைக்குப் பாடு இல்லைடா. போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா.”

நான் சென்றேன். தோழனுடைய பாட்டியார் திண்ணையிலே அமர்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தார். அருகில் ஒரு பழைய நூல் விரித்திருந்தது. எழுத்து அரபு எழுத்து. ஆனால் அவர் வாய்விட்டுப் படித்தபோது என் காதில் விழுந்தது தமிழ்! தமிழை அரபு எழுத்தால் எழுதும் வழக்கம் நம் கடற்கரை இசுலாமியரிடையே பல நூற்றாண்டு நிலவியது. அதனை அரபுத் தமிழ் என்பர். மொழி வேறு, அதனை எழுதும் எழுத்து வேறு என்பதை எனக்குக் கற்பித்த முதல் ஆசிரியர் அப்பாட்டியாரே. என் தோழன் அன்று என்னுடன் வந்தான். அதன் பின்னர், அந்தக் கவிஞர் யார் என்று அறியும் விருப்பம் என்னை விடவில்லை.

மாசூம் ரஸா 1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் பிறந்தார். கங்கௌலி என்பது அவர் குடும்பத்தாரின் ஊர். ‘ராஹி’ என்பது அவர் புனைந்துகொண்ட கவிப்பெயர். வழிச்செல்வோன் என்பது அதன் பொருள். இளமையிலே நோய் தாக்கியதால் அவர் கால் ஊனமுற்றது. வாழ்நாள் முழுவதும் சாய்ந்தே நடந்தார். ஓடியாட இயலாத சிறுவனுக்குக் கதைகளே துணையாயின. மாயமும் மந்திரமும் நிறைந்த ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் உருதுப் பெருங்கதை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அக்கதையையே ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே உருது ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

முதலில் அவர் கவிஞராகவே அறியப்பட்டார். 1857ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து எழுந்த பெரும் போரைப் பொருளாகக் கொண்டு நெடும்பாட்டு ஒன்று இயற்றினார். 1965ஆம் ஆண்டுப் போரிலே உயிர்நீத்துப் பரமவீர சக்கரம் பெற்ற அப்துல் ஹமீது அவருடைய மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவ்வீரரின் வரலாற்றையும் ரஸா எழுதினார். தமக்கு மூன்று அன்னையர் என்று அவர் கூறுவதுண்டு. பெற்ற தாய் ஒருத்தி; அலிகார்ப் பல்கலைக்கழகம் மற்றொருத்தி; கங்கையாறு மூன்றாமவள்.

அவருக்கு அழியாப் புகழ் தேடித் தந்த நூல் 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆதா காவ்’ என்னும் நாவல். ‘பாதி ஊர்’ என்பது அதன் பொருள். கங்கௌலியே அதன் களம். வடபாதி, தென்பாதி என்று பிரிந்து நிற்கும் ஷியா முஸ்லிம் நிலக்கிழார் குடும்பங்களின் வாழ்வையும், மொகரம் நாட்களில் அவர்கள் காட்டும் போட்டியையும், நாடு இரண்டாகப் பிரிந்தபோது அவ்வூருக்கு நேர்ந்த கலக்கத்தையும் அது கூறுகின்றது. பாகிஸ்தான் என்னும் புதிய நாடு எதற்காக என்பது அவ்வூரார்க்கு விளங்கவில்லை. பாட்டன் கல்லறையும், உழுத நிலமும், மொகரம் ஊர்வலம் செல்லும் தெருவும் இங்கே இருக்க, வேறு எங்கே போவது என்று அவர்கள் மயங்குகின்றனர்.

அந்நாவலில் ஒரு நிகழ்ச்சி. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்திலே காவல் நிலையத்தைத் தாக்கச் சென்றவர்களுள் புன்னன் மியான் என்பவரின் மகன் சுடப்பட்டு இறக்கின்றான். பிற்பாடு விடுதலை வந்த காலத்தில், அங்கே உயிர்நீத்த தியாகிகளுக்காகக் கூட்டம் நடக்கின்றது. தலைவர் ஒருவர் மாண்டவர் பெருமையைப் பேசுகின்றார். புன்னன் மியானின் மகன் பெயர் மட்டும் வரவில்லை. அம்முதியவர் எழுந்து, தம் மகனும் இங்கேதான் மாண்டான், அவன் பெயரை உங்களுக்கு எவரும் சொல்லவில்லை போலும் என்று மெல்லக் கூறுகின்றார். அவர் சினம் கொள்ளவில்லை, முறையிடவும் இல்லை, பெயரை மட்டும் சொல்கின்றார். ஒரு நாட்டின் கதையிலே தம் பிள்ளையின் பெயர் விடுபட்டுப் போவதைக் காட்டிலும் கொடிய இழப்பு ஒன்று உண்டோ? இப்பகுதியைப் படித்தபோது, திண்ணையிலிருந்து பேசாமல் எழுந்து போன என் தோழனின் முகம் என் கண்முன் வந்தது.

இந்நூலின் மொழியும் கருதத்தக்கது. உருதுக் கவிஞராகிய ரஸா இதனை நாகரி எழுத்தில் வெளியிட்டார். மாந்தர் பேசுவதோ போஜ்பூரி கலந்த நாட்டுப்புற உருது. உருதுவை நாகரியிலும் எழுதலாம் என்று அவர் வாதிட்டார். அதனால் உருது வாணர் பலரின் வெறுப்புக்கு ஆளானார். மாந்தர் வாயில் வரும் வசைச்சொற்களை நீக்காமல் எழுதினார். அதனால் வேறு சிலரின் வெறுப்புக்கும் ஆளானார். என் மாந்தர் எதைப் பேசுகின்றனரோ அதையே எழுதுவேன் என்பது அவர் கொள்கை. நூலின் நடுவிலே ஆசிரியரே தோன்றி முன்னுரை கூறுவது மற்றொரு புதுமை. கதையை நிறுத்திவிட்டு, ‘நான் இவ்வூரான், இதனைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு’ என்று படிப்பவரை நோக்கிச் சொல்வது போன்றது அது.

1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ரஸா பல்கலைக்கழகத்தை விட்டுப் பம்பாய்க்குச் சென்றார். வயிறு வளர்க்கத் திரைப்படங்களுக்கு உரையாடல் எழுதினார். ‘மிலி’, ‘கோல்மால்’, ‘கர்ஸ்’ முதலிய படங்கள் அவர் எழுத்தைக் கொண்டவை. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைம் துளசி தேரே ஆங்கன் கீ’ என்னும் படத்திற்காகப் பிலிம்பேர் விருதும் பெற்றார். கவிஞர் ஒருவர் சந்தைக்கு எழுதப் போனார் என்று இரங்குவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு வரியிலே ஒரு மனிதனின் குணத்தைக் காட்டவும், நடிப்பவரின் மூச்சுக்கு ஏற்பச் சொல்லை நிறுத்தவும் அவர் அங்கேதான் பயின்றார். அப்பயிற்சி பின்னர்ப் பாரதத்திற்குப் பயன்பட்டது.

திரைப்பட இயக்குநர் பி. ஆர். சோப்ரா மகாபாரதத்தைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க முனைந்தபோது உரையாடல் எழுதுமாறு ரஸாவை வேண்டினார். வேலை மிகுதியால் அவர் முதலில் மறுத்தார் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியுள்ளனர். ஆயினும் அவர் பெயர் செய்தித்தாள்களில் வெளிவந்துவிட்டது. உடனே எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. பாரதம் எழுத ஓர் இந்துவும் கிடைக்கவில்லையா, ஒரு முஸ்லிமா எழுத வேண்டும் என்று கேட்டன அவை. அக்கடிதங்கள் ரஸாவிடம் சேர்ந்தன. மறுத்திருந்தவர் அவற்றைக் கண்டதும் மனம் மாறினார். தாம் கங்கையின் மைந்தர் என்றும், இனி இத்தொடரை எழுதப்போவது தாமே என்றும் உறுதி கூறினார். எங்கள் குப்பத்துத் திண்ணையிலே சிறுவனாகிய நான் கேட்ட கேள்வி, எனக்கு முன்னரே பெரியவர் பலர் எழுத்தில் கேட்டுவிட்ட கேள்வி! பாரதத்திலே வீடுமனும் கங்கையின் மைந்தன் என்பது இங்கே நினைவுக்கு வருகின்றது.

இப்பணியின் அருமையைச் சற்றே ஆராய்வோம். முதலாவது, மொழி. உருதுக் கவிஞரின் சொற்செல்வம் பெரும்பாலும் பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வந்தது. அத்தினாபுரத்து அவையிலே அச்சொற்கள் பொருந்தா. ஆதலின் வாழ்நாளெல்லாம் தேடிய செல்வத்தை ஒதுக்கி வைத்து, வடமொழிச் சொற்கள் விரவிய எளிய இந்தியில் அவர் எழுத வேண்டியிருந்தது. எனினும் தம் மொழியின் பண்பை அவர் முற்றும் விட்டுவிடவில்லை. உருதுக் குடும்பங்களில் தந்தையை ‘அப்பாஜான்’ என்றும் தாயை ‘அம்மிஜான்’ என்றும் அன்பும் மதிப்பும் கலந்து அழைப்பர். அம்முறையை ஒட்டியே ‘பிதாஸ்ரீ’, ‘மாதாஸ்ரீ’ என்னும் விளிகளை அவர் அமைத்தார் என்பர். அத்தொடரைக் கண்ட சிறுவர் பலர் அவ்விளிகளைத் தொன்மையானவை என்றே எண்ணிக்கொண்டனர்.

இரண்டாவது, கதை சொல்லும் முறை. முடிவு அனைவரும் அறிந்தது. அறிந்த கதையை வாரந்தோறும் காத்திருந்து பார்க்கச் செய்வது எங்ஙனம்? காலத்தையே கதைசொல்லி ஆக்கினார் ரஸா. சுழலும் சக்கரத்தின் பின்னே காலம் தன் பெயரைக் கூறிப் பேசத் தொடங்கும். அதற்குக் குரல் கொடுத்தவர் ஹரீஷ் பிமானி. காலம் எந்தப் பக்கமும் சாராது. பாண்டவர் செய்த பிழையையும் சொல்லும். கௌரவர் பட்ட துன்பத்தையும் சொல்லும். அதனால் பார்ப்போர் ‘அடுத்து என்ன?’ என்று கேட்பதை விட்டு, ‘ஏன் இவ்வாறு ஆயிற்று?’ என்று கேட்கத் தலைப்பட்டனர். என் பாட்டனார்க்கு அக்குரலின் பொருள் விளங்காது. ஆனால் அதன் வேலை விளங்கிற்று. “இதுதான்டா இவர்களுடைய கட்டியங்காரன்” என்றார். கூத்திலே கட்டியங்காரன் முன்னே வந்து, வேடங்களை அவைக்கு அறிவித்து, கதையை நடத்திச் செல்வான். நகைப்பு மூட்டுவது அவன் தொழில். காலத்திற்கு அது இல்லை. மற்றபடி பாட்டனார் கண்டது சரியே.

இப்பணியில் இந்திக் கவிஞர் பண்டித நரேந்திர சர்மா ஆலோசகராக நின்று உதவினார். அகில இந்திய வானொலியின் விவித பாரதி நிகழ்ச்சியை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர் என்பதை வானொலி நேயர்கள் மகிழ்வுடன் நினைவுகொள்ளலாம். தொடர் முடியும் முன்னரே 1989ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 94 பகுதிகளாக நடந்த மகாபாரதம் 1990ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் நிறைவுற்றது. நோய்த்தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் வீட்டிலே அடைந்து கிடந்த 2020ஆம் ஆண்டில் அது மீண்டும் ஒளிபரப்பாயிற்று.

இதன் பின்னர் ரஸா எழுதிய ‘நீம் கா பேட்’ என்னும் தொடர் 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘வேப்ப மரம்’ என்பது பொருள். நிலக்கிழாரிடம் கட்டுண்டு உழைக்கும் ஏழை ஒருவன், மகன் பிறந்த மகிழ்ச்சியில் ஒரு வேப்பங்கன்றை நடுகின்றான். மரம் வளர்கின்றது, மகனும் வளர்கின்றான், நாடும் விடுதலை பெறுகின்றது. அடிமைப்பட்டிருந்தவன் மகன் பதவி பெற்ற பின் என்ன ஆகின்றான் என்பதை அத்தொடர் காட்டுகின்றது. பாரதத்திற்குக் காலம் சான்று. இதற்கு வேப்ப மரம் சான்று. அரசர் கதையாயினும் ஏழை கதையாயினும் நடுவுநிலையுடன் கண்டு சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே ரஸாவின் கலையின் உயிர்நாடி என்று நான் கருதுகின்றேன். 1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அவர் பம்பாயில் காலமானார்.

ஒரு சமயத்தார் போற்றும் கதையை மற்றொரு சமயத்தார் எடுத்து ஆளுவது நம் நாட்டில் புதுமையன்று. பதினாறாம் நூற்றாண்டிலே அக்பர் மன்னர் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்தார். அந்நூலுக்கு ‘ரஸ்ம்நாமா’ என்று பெயர். தமிழகத்தில் உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது, கம்பர் வகுத்த காவிய நெறியிலேயே நடந்தார். அரபு நாட்டை வருணிக்கும் அந்நூலிலே தமிழ் நாட்டின் வயலும் வளமும் தோன்றும். நம் காலத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள் கம்பராமாயணத்தில் ஆழ்ந்து தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து தொண்டாற்றினார். இவர்களுள் எவரும் தம் சமயத்தைக் கைவிட்டவர் அல்லர்; பிறர் கதையைச் சிதைத்தவரும் அல்லர். கற்றவர் ஆதலின் கதையின் உள்ளே புக முடிந்தது.

அவ்வாறாயின் எவரும் எக்கதையையும் எவ்வாறும் எழுதலாமோ? அன்று. பாடு இல்லாத இடத்திலும் வலையிடத் தெரிந்திருக்க வேண்டும். வீடுமனை எழுதும் முன் ரஸா கங்கௌலியை எழுதினார். தம் ஊரின் பிணக்குகளைக் கூசாமல் எழுதிப் பழகிய கையே, பின்னர் அத்தினாபுரத்து உடன்பிறந்தாரின் பிணக்கை எழுதிற்று. ‘பாதி ஊர்’ எழுதியவருக்குப் பாதி நாடு கேட்டு மூண்ட போர் அயலாரின் கதையாகத் தோன்றியிராது. பிறப்பு ஒருவருக்குக் கதையின் உரிமையைத் தருவதில்லை. உழைப்பும் அன்பும் தருகின்றன.

மாணவர்களே, உங்களுக்கும் ஓர் ஊர் உண்டு. அதிலே வடபாதியும் தென்பாதியும் இருக்கும். பாடு உடையவரும் பாடு இல்லாதவரும் இருப்பர். கூட்டத்திலே பெயர் விடுபட்டுப்போன பிள்ளை ஒருவனும் இருப்பான். அவனைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதிப் பாருங்கள். கடினமான வேலை அது. ஆனால் அதனைச் செய்தவரே பிறகு பெரிய கதைகளைத் தொடத் தகுதி பெறுகின்றனர்.

என் பாட்டனார் மறைந்து நெடுநாள் ஆயிற்று. அவர் உட்கார்ந்திருந்த திண்ணையும் இப்போது இல்லை. என் தோழன் இன்றும் பழவேற்காட்டில் இருக்கின்றான். 2020ஆம் ஆண்டில் அத்தொடர் மீண்டும் வந்தபோது ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, “பாரதம் ஓடுகிறது, பார்க்கிறாயா?” என்று கேட்டான். அவன் ஒரு வீட்டிலும் நான் ஒரு வீட்டிலுமாக இருந்து அன்று பார்த்தோம். முதலில் ஓடிய எழுத்துகளுள் அக்கவிஞரின் பெயர் வந்தபோது, இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம்.